புது ஸ்பிரிங், தூக்கிய மூக்கு: ஒரு காரின் உயரம் 28 மி.மீ. ஏறியதும் இறங்கியதும்

வண்டியும் புகாரும்

முன்சக்கரங்களால் ஓடும் ஐந்து கதவு ஹேட்ச்பேக். பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும், முறுக்கிக்கொள்ளும் குறுக்குத்தண்டு; அதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி இடத்தில். ஆளும் சாமானும் இல்லாத எடை 1,040 கிலோ, அதில் முன் அச்சின் மேல் நிற்பது 640. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் இடைதூரம்) 2,500 மி.மீ.

இடது முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் உடைந்ததால் நான்கு ஸ்பிரிங்குகளையும் ஒரே தடவையில் மாற்றியிருந்தார்கள். ஷாக் அப்சார்பர்கள் பழையவையே. மாற்றிய நாளிலிருந்து வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. இரவில் எதிரே வருபவர்கள் விளக்கை அடித்துக் காட்டினார்கள். முன்பக்கம் கட்டைபோல் குதித்தது. "ஸ்பிரிங் புதுசு, ஓட ஓட உட்கார்ந்துவிடும்" என்ற பதிலை நம்பி 600 கி.மீ. ஓட்டியும் ஒரு மாற்றமும் இல்லை.

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. காயில் ஸ்பிரிங்கைத் தொழிற்சாலையிலேயே முழுக்க அழுத்தி உட்காரவைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். வண்டியில் மாட்டிய பிறகு அது தானாகத் தளர்வது மிகக் குறைவு. ரப்பர் மெத்தைகள் அமுங்குவதையும் சேர்த்தால் இரண்டு, மூன்று மி.மீ. இறங்கலாம். 20 மி.மீ. மேலே நிற்கும் வண்டி எத்தனை நாள் ஓடினாலும் 20 மி.மீ. மேலேதான் நிற்கும்.

அளவு எடுத்த விதம்

தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே வீல் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவின்) உதடு வரை அளப்பதே சரி. அதற்கு முன் டயர்களில் சரியான காற்று, கையேடு சொல்லும் அளவுக்கு எரிபொருள், டிக்கியில் ஸ்டெப்னி தவிர வேறொன்றும் கூடாது, மட்டமான தரை. வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியவுடன் அளப்பது வீண் வேலை. தொங்கிய சக்கரங்கள் உள்நோக்கி இழுபட்டிருக்கும், டயர் தரையைக் கவ்விக்கொண்டு விரிய விடாது, வண்டி பொய்யாக உயரமாக நிற்கும். நான்கைந்து மீட்டர் முன்னும் பின்னும் தள்ளி, முன்னாலும் பின்னாலும் மூன்று முறை அமுக்கி விட்ட பிறகே டேப்பை எடுக்க வேண்டும்.

இந்த வண்டிக்குக் கையேட்டின்படி முன்னால் 378, பின்னால் 381. கிடைத்த அளவுகள்:

இடது முன் 410, வலது முன் 402
இடது பின் 390, வலது பின் 382

முன்பக்கச் சராசரி 406, அதாவது 28 மி.மீ. அதிகம். பின்பக்கம் 386, 5 மி.மீ. அதிகம். இடம் வலம் வித்தியாசம் இரண்டு அச்சிலும் 8.

விளக்குப் புகாருக்கு இந்த எண்களே பதில் சொல்லிவிட்டன. பின்பக்கத்தைவிட மூக்கு 23 மி.மீ. கூடுதலாக ஏறியிருக்கிறது. 2,500 மி.மீ. நீளத்தில் 23 என்றால் 0.92 சதவீதச் சரிவு. தாழ்ந்த ஒளிக்கற்றையைப் பொதுவாக 1 சதவீதம் அளவுக்குக் கீழ்நோக்கி வைப்பார்கள். அந்தச் சரிவு அப்படியே காணாமல் போய், வெளிச்சம் நேராக எதிரே வருபவர் கண்ணுக்குப் போயிருக்கிறது. விளக்கின் திருகைத் திருப்பி இதைச் சமாளித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பிற்பாடு உயரம் சரியானதும் வெளிச்சம் பானெட்டுக்கு முன்னாலேயே விழுந்திருக்கும்.

சாய்வு எந்த அச்சிலிருந்து வருகிறது

சாய்வு 8 மி.மீ. இரண்டு அச்சிலும் சமமாக இருப்பதைப் பார்த்து இரண்டிலும் ஒரே கோளாறு என்று நினைக்கத் தோன்றும். காரின் உடல் விறைப்பான பெட்டி, முறுக்கிக்கொள்ளாது. எந்த மூலையில் தவறு இருந்தாலும் சாய்வு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தெரியும். ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது என்று அந்த மூலையிலேயே வாஷர் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு. முன் சப்ஃபிரேமின் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) நட்டநடுவில், தயாரிப்பாளர் குறித்த இடத்தில், ஜாக்கியின் தலைமேல் சிறிய மரக்கட்டை வைத்து முன்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு லேசாக எழும்வரை தூக்க வேண்டும். வண்டி இப்போது ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் முன் சஸ்பென்ஷனுக்குச் சாய்வில் பேச்சே இல்லை. பின் அச்சு தன் இஷ்டப்படி உடலைச் சாய்க்கும். இரண்டு பக்கமும் 20 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்டாண்டு வைத்திருக்க வேண்டும். இந்த நிலையில் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது, டேப்பை நீட்டி அளந்துவிட்டு இறக்கிவிட வேண்டும்.

இப்போது பின்பக்கம் மட்டமாகிவிட்டால் குற்றம் முழுவதும் முன்னால். பின்னால் மட்டும் கோளாறு என்றால் சாய்வு குறையாது, முன்பை விடப் பெரிதாகும். அதுவரை எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருந்த முன் ஸ்பிரிங்குகளும், இடம் வலம் சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரும் விலகிவிட்டனவே. இந்த வண்டியில் பின்பக்க வித்தியாசம் 8 லிருந்து 7 ஆனது. மட்டமும் ஆகவில்லை, பெருகவும் இல்லை. அப்படியானால் இரண்டு அச்சிலும் இடப்பக்கம் ஏதோ ஒன்று உயர்த்திப் பிடிக்கிறது.

(பின்பக்கத்தைத் தூக்கி இதே சோதனையைச் செய்யும்போது டார்ஷன் பீமின் நடுவில் ஜாக்கி வைக்கக்கூடாது. அது முறுக்கிக்கொள்வதற்காகச் செய்த பாகம், பாரம் தாங்க அல்ல. வளைந்தால் பீமையே மாற்ற வேண்டும்.)

முதல் காரணம்: தொங்கவிட்டு முறுக்கிய புஷ்

சக்கரத்தின் அடிப்பகுதியை வண்டியோடு இணைத்து ஏறி இறங்கும் கை லோயர் ஆர்ம். அதன் கீலில் இருக்கும் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக்குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் திருகிக்கொள்வது ரப்பர் மட்டும்தான். எந்த நிலையில் போல்ட் இறுகியதோ அந்த நிலைக்குத் திரும்பவே அது எப்போதும் முயலும். வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது இறுக்கினால், தொங்கும் நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. இறக்கியதும் வண்டியின் பாரத்தை எதிர்த்து நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு தள்ளும்? இந்த வண்டியில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அளவு 478. தரையில் நிற்கும்போது 406. வித்தியாசம் 72 மி.மீ. ஆர்மின் நீளம் 350 மி.மீ. என்பதால் திருகல் ஏறக்குறைய 12 டிகிரி. ஒரு புஷ் டிகிரிக்கு 2 நியூட்டன் மீட்டர் எதிர்க்கும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு புஷ்ஷும் சேர்ந்து 48 நியூட்டன் மீட்டர். ஆர்மின் நுனிக் கணக்கில் அது உடலை மேலே தூக்கும் 137 நியூட்டன் தள்ளல். மி.மீ.க்கு 20 நியூட்டன் விறைப்புள்ள முன் ஸ்பிரிங்குக்கு அது கிட்டத்தட்ட 7 மி.மீ. உயரம்.

சரிபார்க்க வண்டியைக் குழியின் மேல், நான்கு சக்கரமும் தரையில் இருக்க நிறுத்தி, தளர்த்துவதற்கு முன் புஷ்ஷின் உள்குழாயிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்கப்பட்டது. நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அரைச் சுற்று. "டக்" என்று ஒரு சத்தம், கோடு இரண்டாகப் பிரிந்தது. 45 மி.மீ. விட்டத்தின் ஓரத்தில் இரு துண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 மி.மீ. இடைவெளி: ஏறக்குறைய 12 டிகிரி. வலப்பக்கமும் அதே. வண்டியைத் தள்ளி, அமுக்கி விட்டு அளந்ததில் முன்பக்கம் இருபுறமும் 7 மி.மீ. இறங்கி 403, 395. சாய்வு அப்படியே இருந்தது, கோளாறு இருபுறமும் சமமாக இருந்ததால்.

ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு ஒரு பக்கம் கழற்றிப் பார்த்ததில் போல்ட் கையாலேயே உருவ வந்தது. அந்தப் பார் எதையும் இழுத்துப் பிடிக்கவில்லை.

இந்த உயரத்தில் போல்ட்டை மறுபடி இறுக்குவது வீண். மற்ற வேலைகள் முடிந்து வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகே கடைசி முறுக்கு. ஆர்ம் போல்ட்டின் லாக் நட்டு பல வண்டிகளில் ஒருமுறைக்கு மட்டும். புதிது எடுத்து வைப்பது நல்லது.

இரண்டாவது: கறுப்புக்குள் கறுப்பு

இடது பின் ஸ்பிரிங்கை இறக்குவது பத்து நிமிட வேலை. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி பீமை மெல்லத் தாழ்த்தினால் கையில் வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் மட்டும் பார்க்க வேண்டும். வெளியே வந்த ஸ்பிரிங்கின் தலையில் புதிய ரப்பர் மெத்தை ஒழுங்காகவே இருந்தது. பாடியில் அது உட்காரும் கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பாக, சேறு அப்பிய வழக்கமான அடித்தளம் போலத்தான் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தியபோது உலோகம் தட்டுப்படவில்லை, மெத்தென்று உள்ளே போனது. பழைய மெத்தை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. 8 மி.மீ. தடிமன்.

பின்பக்கத்தில் ஸ்பிரிங்கில் நடக்கும் மாற்றம் சக்கரத்தில் அதே அளவில் தெரியாது. பீமின் கீல் புள்ளியிலிருந்து ஸ்பிரிங் இருக்கும் தூரத்தை, சக்கர மையம் இருக்கும் தூரத்தால் வகுத்தால் வரும் விகிதம் இந்த வண்டியில் 0.85. ஸ்பிரிங்கில் 8 மி.மீ. என்றால் சக்கரத்தில் 8 வகுத்தல் 0.85, சுமார் 9.4 மி.மீ. ஸ்பேசர் போட நினைப்பவர்கள் இதைத் தலைகீழாகப் போட வேண்டும்: சக்கரத்தில் 10 மி.மீ. ஏற்ற 8.5 மி.மீ. தடிமன் போதும்.

பழையதைச் சுரண்டி எடுத்துக் கிண்ணத்தைத் துடைத்து மாட்டியதும்:

இடது முன் 402, வலது முன் 397
இடது பின் 384, வலது பின் 379

பின்னால் ஒரு மெத்தையை எடுத்ததற்கு முன்னால் இடப்பக்கம் ஒரு மி.மீ. இறங்கி வலப்பக்கம் இரண்டு ஏறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். சாய்வு இரண்டு அச்சிலும் 8 லிருந்து 5 ஆனது.

மூன்றாவது: படியேறி நின்ற நுனி

ஸ்ட்ரட்டைக் கழற்றும் வேலையில் அவசரம் ஆளையே கொன்றுவிடும். அழுத்திய முன் ஸ்பிரிங்கில் பல நூறு கிலோ விசை அடங்கியிருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இரண்டையும் அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாகக் கையாலேயே இறுக்க வேண்டும். நட்டுக் கழற்றும் காற்றழுத்தத் துப்பாக்கியைக் கம்ப்ரஸரின் திருகுத்தண்டில் வைத்தால் மரை சூடேறித் தின்றுவிடும். ஸ்பிரிங் இரண்டு தட்டிலிருந்தும் விடுபட்டு ஆடும்வரை மேல் நட்டைத் தொடவே கூடாது. நட்டைத் தளர்த்தும்போது தண்டு சுழன்றால் அதன் தலையிலுள்ள ஆலன் குழியில் சாவி கொடுத்துப் பிடிக்க வேண்டும். பளபளக்கும் தண்டைக் குறடால் பிடித்தால் ஏற்படும் கீறல் எண்ணெய் சீலைச் சில வாரங்களில் அறுத்துவிடும்.

இடது ஸ்ட்ரட் மேசைக்கு வந்ததும் பிரிக்காமலேயே விஷயம் தெரிந்தது. கீழ்த் தட்டில் ஸ்பிரிங்கின் நுனி முட்டி நிற்க ஒரு படி உண்டு. தட்டின் சரிவு அந்தப் படியிலிருந்துதான் தொடங்குகிறது. நுனி படியின் முகத்தில் முட்டியும் முட்டாமலும் சில மி.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும். இங்கே நுனி படியைத் தாண்டி அதன் தலைமேல் ஏறி நின்றது. அதன் அடியில் ரப்பர் மெத்தையின் ஓரம் மடிந்து இரட்டையாகி, 600 கி.மீ. ஓட்டத்தில் பளபளவென்று நசுங்கியிருந்தது. சுருளின் எதிர்ப்பக்கம் தட்டைத் தொடவே இல்லை. ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக உள்ளே போனது. இப்படி நிற்கும் ஸ்பிரிங் உயரத்தைக் கூட்டுவதோடு நிற்காது. முழுப் பாரமும் நுனியில் விழுவதால் அங்கே பெயின்ட் உரியும், துரு பிடிக்கும், பழைய ஸ்பிரிங் எங்கே உடைந்ததோ அதே இடத்தில் இதுவும் உடையும்.

புதிய மெத்தை போட்டு நுனியைப் படியில் முட்டவைத்து, மேல் தட்டின் அடையாள அம்பு வெளிப்பக்கம் பார்க்கப் பூட்டினார்கள். கம்ப்ரஸரைத் தளர்த்தும்போது ஸ்பிரிங் கொஞ்சம் சுழலும். கடைசி அரை அங்குலத்தில் நுனியை மறுபடி பார்க்காமல் விட்டதால்தான் முதல் தடவை இந்தத் தவறு நடந்திருக்கும். ஸ்ட்ரட்டை நக்கிளில் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகத்தில்) கவ்விப் பிடிக்கும் வகை வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஸ்ட்ரட் அடிவரை இறங்கவில்லை என்றால் எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவும் உயரமாகச் சேரும்.

இதற்குப் பின்:

இடது முன் 394, வலது முன் 393
இடது பின் 382, வலது பின் 381

சாய்வு போயிற்று. பின்பக்கம் முடிந்தது. முன்னால் இன்னும் 15, 16 மி.மீ. உபரி, இருபுறமும் சமமாக.

நான்காவது: வேறு எஞ்சினுக்கான ஸ்பிரிங்

இருபுறமும் சமமாக மிஞ்சும் உயரத்துக்குப் பொருத்துதலில் காரணம் தேடுவது நேரத்தை வீணாக்கும். ஸ்பிரிங்கையே சந்தேகப்பட வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோல், டீசல், ஆட்டோமேட்டிக் ஒவ்வொன்றுக்கும் முன் ஸ்பிரிங் வேறு. சுருளில் உள்ள பெயின்ட் புள்ளிகளின் நிறமும் வரிசையும் அந்த எடைப்பிரிவைச் சொல்கின்றன. மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்கினால் எதுவும் கைக்கு வரும். சேசிஸ் எண்ணை வைத்துப் பாக எண்ணைத் தேட வேண்டும்.

தேடியதில் மாட்டியிருந்தது டீசல் வண்டிக்கானது. அந்த எஞ்சினால் முன் அச்சில் ஏறும் எடை 60 கிலோ, சக்கரத்துக்கு 30. ஸ்பிரிங்கின் விறைப்பு இரண்டிலும் ஒன்றே, மி.மீ.க்கு 20 நியூட்டன். 30 கிலோ என்றால் 294 நியூட்டன். 20 ஆல் வகுத்தால் 14.7 மி.மீ. சரியான ஸ்பிரிங் வந்ததும் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள்: பாரமில்லா நீளம் சரியானதில் 372, டீசலுக்கானதில் 387. கம்பியின் தடிமன் ஒன்றே. தடிமன் வேறாக இருந்திருந்தால் விறைப்பும் மாறியிருக்கும். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் 12.0 க்குப் பதில் 12.3 மி.மீ. கம்பி என்றாலே 10 சதவீதம் கூடும். அதனால் வெர்னியர் என்ற நுண் அளவுகோல் இல்லாமல் கண்ணளவில் ஒப்பிடுவதில் பயனில்லை.

இந்த இடத்தில் "ஒரு சுருளை வெட்டிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வெட்டினால் உயரம் இறங்கும், கூடவே விறைப்பு ஏறும்: வேலை செய்யும் சுருள் ஆறு ஐந்தரையானால் 9 சதவீதம். நுனியின் வடிவம் போய்விடுவதால் படியிலும் உட்காராது. சூடாக்கி இறக்குவது எஃகின் பதத்தைக் கெடுக்கும். குறைந்த உயரத்தை ஏற்றுவதற்காகச் சுருள்களுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகுவதும் இதே ரகம்; அந்தச் சுருள் அசையாமல் போய், பக்கத்துச் சுருள் அதன் பங்கையும் சுமந்து உடையும். தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே முழுவட்ட ஸ்பேசர் வைப்பது மட்டுமே ஏற்கத்தக்கது, அதுவும் கணக்குப் பார்த்து, 10 மி.மீ.க்குள். அதன் தடிமன் அளவுக்கு ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கும் என்பதால் பம்ப் ஸ்டாப் (ஏற்றத்தின் முடிவில் முட்டும் ரப்பர்) முட்டும்போது சுருள்கள் ஒன்றோடொன்று உட்காராமல் இடைவெளி மிஞ்ச வேண்டும். ஷாக் அப்சார்பரும் புதிதாக இருந்தால் அதன் வாயுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 20 மி.மீ. தண்டு, உள்ளே 5 பார் அழுத்தம் என்றால் 157 நியூட்டன் தள்ளல், இந்த ஸ்பிரிங்கில் 8 மி.மீ. வாயு போன பழைய ஷாக்கை மாற்றியதும் வண்டி ஏறுவது அதனால்தான்.

இறுக்குதலும் மீதி வேலையும்

சரியான ஸ்பிரிங்குகள் ஏறி, வண்டியைத் தள்ளி, அமுக்கி விட்டதும் முன்பக்கம் 379, 378. சக்கரங்கள் தரையில் இருக்க, குழியிலிருந்து லோயர் ஆர்ம் போல்ட்டுகளும் பின் பீமின் கீல் போல்ட்டுகளும் டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளக்கும் சாவியில்) கையேட்டின் அளவுக்கு இறுக்கப்பட்டன. குழியோ நான்கு தூண் லிஃப்ட்டோ இல்லாத இடத்தில், ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஆர்ம் நுனிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஹப் மையத்திலிருந்து ஆர்ச் வரை 378 வரும்வரை தூக்கி இறுக்கலாம். ஆனால் அந்த அளவு வரும் முன்பே வண்டி ஸ்டாண்டைவிட்டு எழும்பப் பார்க்கும். எழும்பினால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

உயரம் 28 மி.மீ. மாறியதால் அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களும்) மாறியிருந்தது. தூக்கி நின்றபோது மொத்த டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 4 மி.மீ.; இறங்கியதும் 1. முன்னைய வேலையின் முடிவில் யாரும் அலைன்மென்ட் பார்க்காதது ஒரு வகையில் நல்லதாயிற்று. பார்த்துச் சரிசெய்திருந்தால் இப்போது டோ-அவுட்டில், அதாவது வெளிநோக்கித் திரும்பி, நின்றிருக்கும். கேம்பர் எனும் சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு (60 நிமிடம் ஒரு டிகிரி) கூட்டல் 15 நிமிடத்திலிருந்து கழித்தல் 20 நிமிடத்துக்கு வந்தது, வரம்புக்குள். ஹெட்லைட் குறி கடைசியாகப் பார்க்கப்பட்டது. திருகைத் தொட வேண்டியிருக்கவில்லை. பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வு, தானாக நிமிரும் விளக்குக்கான உயர சென்ஸார், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா ஆகியவை இருக்கும் வண்டிகளில் அவற்றையும் இந்தக் கட்டத்தில் மறுபடி அமைக்க வேண்டும். இந்த வண்டியில் அவை இல்லை.

500 கி.மீ. ஓடிய பின் அதே தரையில், அதே அளவு எரிபொருளோடு எடுத்த அளவு: முன்னால் 377, 376, பின்னால் 381, 380. ஆர்ம் போல்ட்டில் புதிதாக இழுத்த வெள்ளைக் கோடு உடையாமல் ஒரே நேராக இருந்தது.